பதினாலாம் எண்

மறுபடியும் அதே பெட்டி. திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு பெட்டி, அதற்குள் இங்கிலீஷில் இரண்டு வரி. இந்த வலையில் இருக்கும் இன்னொரு கருவிக்கும் இதே முகவரி இருக்கிறது, நிர்வாகியைக் கேளுங்கள் என்கிறது. நிர்வாகியை எங்கே போய்க் கேட்பது. இந்த வீட்டுக்கு நிர்வாகி என்று இருந்தவன் மதிவாணன், என் மகன், அவன் போய் எட்டு மாதமாகிறது. மூடு பொத்தானை அழுத்தினால் பெட்டி மறையும், எண்ணி ஐந்து நிமிடத்தில் வேண்டாத விருந்தாளி மாதிரி திரும்பி வந்து நிற்கும். மணி ஒன்பது நாற்பது. பதினொரு மணிக்கு டாக்டர் எஸ்தர் இந்தத் திரையில் வரப்போகிறார். மனநல டாக்டர், சென்னையில் இருக்கிறார், கிடைப்பதே பெரும்பாடு, மூன்று வாரம் காத்திருந்து வாங்கிய அரைமணி நேரம். குணவதியைக் காட்டுவதற்கு. குணவதி என் மனைவி. உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள், கத்தி பலகையில் படுகிற சத்தம் கேட்கிறது, நிற்கிறது, ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் பிறகு கேட்கிறது. இந்த நிற்கிற நேரம்தான் எனக்குப் பயம். நறுக்கிக்கொண்டிருக்கிற பொம்பளை எதற்காக நிறுத்த வேண்டும், நிறுத்திவிட்டு எதைப் பார்க்கிறாள். டாக்டரிடம் காட்டலாமா என்று இரண்டு தடவை கேட்டேன், தலையைக்கூட ஆட்டவில்லை. மூன்றாவது தடவை, "நீங்களும் பக்கத்துல உட்காருவீங்கன்னா வர்றேன்" என்றாள். ஊசி போட்டுக்கொள்ளப் போகிற சின்னப் பிள்ளை கேட்பது மாதிரி கேட்டாள், நானும் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சரி சரி என்றேன். இந்தக் கம்ப்யூட்டரை வாங்கியதே அதற்காகத்தான், போன திங்கட்கிழமை. போனில் பார்த்தால் பாதி முகம்தான் தெரியும், இரண்டு பேரும் சேர்ந்து தெரிகிற மாதிரி உட்காருங்கள் என்று டாக்டரின் ஆபீசில் சொல்லியிருந்தார்கள். இன்றைக்கு இது காலை வாரிவிட்டால் இன்னொரு தடவை அவள் சம்மதிக்கமாட்டாள். நாற்பது வருஷம் கூட இருந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு, ஒன்று, பதினாலு. இதுதான் முகவரி. முதல் மூன்றும் வீட்டில் எல்லாச் சாமானுக்கும் பொது, தெருப் பெயர் போல. கடைசி எண்தான் கதவு எண், ஒவ்வொன்றுக்கும் வேறு. மற்ற வீடுகளில் இந்தக் கதவு எண்ணை நெட் பெட்டியே தானாகக் கொடுத்துவிடுமாம். இங்கே மாடியில் குடியிருந்த ஆள் எப்படியோ பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டு எங்கள் நெட்டில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் மதி அந்த வசதியை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றுக்கும் கையாலேயே எண் போட்டான். "இனிமே நம்பர் இல்லாதவனுக்கு இந்த வீட்டுல சோறு கிடையாதுப்பா" என்று சிரித்தான். ஒரு தாளில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினான். பதினொன்று அப்பா போன், பன்னிரண்டு அம்மா போன், பதின்மூன்று டிவி, பதினாலு நான். நான் என்றே எழுதியிருக்கிறான், போன் என்றுகூட எழுதவில்லை. "உங்க ஆபீஸ்ல அறை அறையா இருக்குமே, அதேதான்" என்றான். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. முப்பத்தாறு வருஷம் திருச்சி ஜங்ஷனில், ஆர்.எம்.எஸ்.ஸில், ரயிலில் வருகிற தபாலைப் பிரித்தவன் நான். எதிரே அலமாரி, அதில் வரிசை வரிசையாக அறைகள், அறைக்கு ஓர் ஊர். கண் விலாசத்தைப் படித்து முடிப்பதற்குள் கை கடிதத்தைப் போட்டிருக்கும். ஏதாவது ஓர் ஊரில் தபாலாபீசை மூடிவிட்டார்கள் என்றால் அந்த அறை காலி, அடுத்து வருகிற ஊருக்கு அது போய்விடும். காலி அறை ஒன்று இருக்கும்போது கோடியில் போய்ப் புது அறை திறக்கிறவனை எங்கள் சூப்பர்வைசர் சும்மா விடமாட்டார், நானும் சூப்பர்வைசரான பிறகு விட்டதில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர் ஜபருல்லா போன திங்கட்கிழமை இதைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, "உங்க வீட்டுல நம்பரைக் கையாலதான் போடணும் போல, எது சார் காலி?" என்று கேட்டார். நான் பீரோவைத் திறக்கவேயில்லை. பதினாலு என்றேன். அவர் அடித்துக்கொண்டே பதினாலு என்று திரும்பச் சொன்னபோதுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. பெற்ற பிள்ளையின் இடத்தைக் காலி என்று சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன், ஒரு நொடிகூட யோசிக்காமல், ஆபீஸ் பழக்கத்தில். மாற்றச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது, மூடிக்கொண்டேன். குணவதி காபி தம்ளரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கு இந்த எண் சமாசாரமெல்லாம் தெரியாது.

ஜபருல்லாவைக் கூப்பிடுகிறேன். ஐந்தாவது மணியில் எடுக்கிறார், கடையில் ஆள் நிற்கிறது போல, பின்னால் பேச்சுச் சத்தம். "சார், நான் எழுதிக் கொடுத்ததைக் கறுப்புத் திரையில அடிச்சீங்களா? என்ன காட்டுது?" நூற்று அறுபத்தொன்பது, இருநூற்று ஐம்பத்து நாலு என்று ஆரம்பிக்கிற என்னவோ ஒன்றைக் காட்டுகிறது என்கிறேன். "அது பொய் நம்பர் சார். தன்னோட நம்பரை வேற யாரோ வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா மிஷின் தனக்குத் தானே ஒரு நம்பரைப் போட்டுக்கும். அதை வச்சுக்கிட்டு ஒரு இடமும் போக முடியாது. சும்மா, இருக்குன்னு பேரு." சும்மா, இருக்குன்னு பேரு. இந்த ஆளுக்கு எப்படி இவ்வளவு சரியாகச் சொல்ல வருகிறது. "என்ன செய்யணும் இப்ப?" "பதினஞ்சு போடுங்க, முடிஞ்சுது சோலி." எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. "அதெப்படி? பதினாலு எங்க வீட்டு நம்பர். எவனோ வந்து அதுல உட்காருவான், நான் நகர்ந்து போகணுமா?" "சார், உங்களுக்கு நெட் வேணுமா, நியாயம் வேணுமா?" நல்ல மனிதர், வியாபாரி, கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறார். "சரி, வீட்டுல இருக்கறத ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாருங்க. எதை ஆஃப் பண்ணினா சண்டை நிக்குதோ அதுதான் ஆளு" என்று சொல்லி வைத்துவிடுகிறார்.

பதினைந்து போட்டால் முடிந்தது. தெரிகிறது. போடமாட்டேன் என்று எதற்கு முறைத்துக்கொண்டு நிற்கிறேன். பதினாலை நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன், அதையும் இன்னொருவன் பிடுங்கிக்கொண்டால், அப்புறம் அந்தப் பிள்ளைக்கு இந்த வீட்டில் என்னதான் மிச்சம். இல்லை, அதுவும் இல்லை. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று தள்ளிப்போடுகிறேன், அவ்வளவுதான். பார்ப்போம். ரெண்டு நாள் பார்ப்போம். இதோ வந்துவிட்டது, எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து முட்டுகிறது. வெள்ளிக்கிழமை காய்ச்சல். மதி வேலையை முடித்துவிட்டுத் தலை வலிக்கிறது என்று படுத்தான், குணவதி கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கொதிக்குதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "வைரலாத்தான் இருக்கும், ரெண்டு நாள் பார்ப்போம்" என்றேன். நிலவேம்புக் கஷாயம் நானே காய்ச்சினேன், அதில் ஒரு பெருமை வேறு. சனி போயிற்று, ஞாயிறு சாயங்காலம் கையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. திங்கட்கிழமை காலை ரத்தம் எடுத்தார்கள், டெங்கு என்றார்கள், தட்டணு எண்பத்தோராயிரம். செவ்வாய் முப்பத்து நாலாயிரம். புதன் பதினோராயிரம். வியாழன் காலை எடுத்த ரத்தத்துக்கு ரிசல்ட் வாங்க நான் போகவில்லை, அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு காலத்தில் ஆயிரத்துச் சொச்சம் ஊர்களின் பின்கோடு எனக்கு மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், இப்போது அதில் பாதி மறந்துவிட்டது, இந்த மூன்று எண் மட்டும் அழியாமல் நிற்கிறது. வெள்ளிக்கிழமையே போயிருந்தால் எவ்வளவு இருந்திருக்கும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்திருக்கிறேன், திங்களிலிருந்து பின்னோக்கி, தினமும் காலை நான்கு மணிக்கு விழிப்பு வரும், எழுந்து போட்டுப் பார்ப்பேன், ஒரு நாள் ஒன்றரை லட்சம் வரும், ஒரு நாள் இரண்டு வரும். யாராவது ஒருவர் போட்டுப் பார்க்கத்தானே வேண்டும். எனக்கு ஒன்றும் இல்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன், குணவதியை நினைத்தால்தான் கவலை. "நெட் வந்துருச்சாங்க?" வாசற்படியில் நிற்கிறாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. நெட் என்றால் என்ன என்று கேட்கிறவள், ஒரு வாரமாக விடிந்தால் இதைத்தான் கேட்கிறாள். "வரும், வரும்." "இட்லி ஆறிப்போச்சு." பக்கத்தில் தட்டு இருக்கிறது, எப்போது வைத்தாள். "வை, சாப்பிடறேன்." போகாமல் நிற்கிறாள், என் முகத்தைப் பார்க்கிறாள், பார்வை கீழே இறங்கி என் சட்டையில் நிற்கிறது, எதையோ சொல்ல வந்து சொல்லாமல் போகிறாள். இதைத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும், பார்க்கிறாள், ஆனால் சொல்வதில்லை.

என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று, பேச்சு குறைந்துவிட்டது. இரண்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் எதையோ தட்டிக்கொண்டே இருக்கிறாள், உதடு அசைகிறது, ஒரு தடவை சிரித்ததைக்கூடப் பார்த்தேன். லால்குடியில் இருக்கிற தங்கச்சிக்குத்தான் என்று நினைத்தேன், தங்கச்சியோ நேரில் வந்தபோது அக்கா எனக்கு ஒரு மெசேஜ்கூடப் போடுவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். மூன்று, அந்த அறை. மதியின் அறை. தினமும் காலையில் கூட்டப்போகிறேன் என்று போவாள், பத்துக்குப் பத்து அறையைக் கூட்ட எவ்வளவு நேரமாகும், அரைமணி நேரம் கதவு சாத்தியிருக்கும். ஒரு நாள் அந்தப் பக்கமாகப் போகும்போது உள்ளே மெல்லிய குரலில் பேச்சுக் கேட்டது. கேள்வி கேட்கிற குரல், பிறகு கொஞ்சம் இடைவெளி, பிறகு சரி சரி என்கிற குரல். மறுநாள்தான் டாக்டருக்குப் பதிவு செய்தேன். நான் அந்த அறைக்குள் போவதில்லை. வேலை இருந்தால்தானே போவதற்கு. எட்டு மாதமாக எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் பையில் அவன் சாமான்களைப் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தாள், கைக்கடிகாரம், கண்ணாடி, பர்ஸ், போன் என்று அவள் படிக்கப் படிக்க நான் டிக் அடித்தேன். வாங்கிக் குணவதி கையில் கொடுத்தேன், அப்புறம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. மணி பத்து ஐந்து. வேலையைப் பார்.

டிவியின் பிளக்கைப் பிடுங்குகிறேன். பெட்டி வருகிறது. என் போனை அணைக்கிறேன், திரை கறுத்ததும் அதில் என் முகம் தெரிகிறது, தாடி இவ்வளவு வளர்ந்துவிட்டதா, டாக்டர் பார்க்கப்போவது அவளைத்தான், பரவாயில்லை. பெட்டி வருகிறது. சமையல்கட்டுக்குப் போய், "குணா, உன் போனைக் கொடு" என்கிறேன். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொள்கிறாள். "எதுக்கு?" "ஆஃப் பண்ணணும்." "எவ்வளவு நேரம்?" "ஒரு பத்து நிமிஷம். உன்னோட டாக்டருக்காகத்தானே இவ்வளவும்." டாக்டர் என்றதும் கொடுத்துவிடுகிறாள். உள்ளே பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை என்று சொன்னால் பொய், பார்க்கவில்லை, அணைத்தேன். இரண்டு போனையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். உட்கார்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து நிமிடம். பெட்டி வருகிறது. இந்த வலையில் இருக்கும் இன்னொரு கருவி. எல்லாம் அணைந்தாயிற்று, இன்னும் எது. மாடி ஆள்தான், அந்தக் கிரிக்கெட்காரன்தான், மேலே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து செருப்பைப் போட்ட பிறகு நினைவுக்கு வருகிறது, அவர்கள் ஆனி மாதமே காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார்கள், மாடி பூட்டிக் கிடக்கிறது. செருப்பைக் கழற்றுகிறேன். அப்படியென்றால் பதினாலில் யார். முதுகுத்தண்டில் குளிர்கிறது, புரட்டாசி மாத வெயிலில், கரண்ட் இருக்கிற வீட்டில், படித்த மனிதனுக்கு. சே. மதி பெயருக்கு இன்னும் கடிதம் வருகிறது. போன மாதம் ஒன்று வந்தது, ஏதோ இன்ஷூரன்ஸ் கம்பெனி, தபால்காரர் வாசலில் நின்று என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தார், எனக்குத் தெரிந்த பையன், என்னிடம் வேலை பழகியவர். நானே வாங்கி என் பேனாவை எடுத்து, உறையின் மேல் விலாசதாரர் காலமானார், அனுப்பியவருக்குத் திருப்பவும் என்று எழுதிக் கொடுத்தேன். ஆபீசில் அப்படி எழுதிய உறைகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன், திருப்பி அனுப்ப வேண்டியவை என்று ஒரு கட்டு, சணல் போட்டுக் கட்டினால் தீர்ந்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார், ஏறவில்லை. எழுத்து கொஞ்சம்கூடக் கோணாமல் வந்திருந்தது, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மணி பத்து முப்பத்தைந்து. இனிமேல் முரண்டு பிடிக்க நேரமில்லை. ஒரு ஆள், குணவதி, அவளைக் கரையேற்ற வேண்டும், நம்பர் எக்கேடு கெட்டுப் போகட்டும். ஜபருல்லா காட்டிக்கொடுத்த இடத்துக்குப் போய் பதினாலை அழிக்கிறேன். அழித்த இடத்தில் கோடு மின்னுகிறது. பதினைந்து. சரி என்று ஒரு பொத்தான், அழுத்துகிறேன். திரையின் மூலையில் ஒரு வாரமாக நின்ற மஞ்சள் முக்கோணம் போய்விட்டது. நெட் வந்துவிட்டது, இவ்வளவுதானா, இதற்கா ஒரு வாரம். அப்போது கேட்கிறது. டிங். செய்தி வருகிற சத்தம். குணவதியின் போன், நாளெல்லாம் கேட்டுப் பழகின சத்தம், எட்டு மாதமாகக் கேட்டுக் கேட்டுக் காதில் விழுவதே இல்லை. டிங். குணவதியின் போன் என் முன்னால் அணைந்து கிடக்கிறது. பக்கத்தில் என்னுடையதும் கிடக்கிறது. டிங், டிங், டிங். அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வந்து விழுகிறது. சாத்தியிருக்கிற கதவுக்குப் பின்னாலிருந்து. எழுந்தேனா, நடந்தேனா, தெரியவில்லை, கதவின் பிடி கையில் இருக்கிறது, பூட்டு இருக்கும் என்று எதற்காக நினைத்தேன், பூட்டு இல்லை, எப்போதும் இருந்ததில்லை. ஜன்னல் திறந்திருக்கிறது. கட்டிலில் போன வாரம் துவைத்த விரிப்பு. புத்தகங்களில் தூசி இல்லை. மேஜைமேல் பிளாஸ்டிக் பை நான்காக மடித்து வைத்திருக்கிறது, அதன்மேல் கண்ணாடி, கடிகாரம். பக்கத்தில் அவன் போன், சார்ஜில், திரை எரிந்துகொண்டு. எட்டு மாதமாக இது அணையவே இல்லை. ஒரு நாள்கூட இதை அவள் அணைய விடவில்லை. பதினாலு காலி என்று நான் சொன்ன நேரத்தில் இது இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் அவள் விடிந்ததும் நெட் வந்துவிட்டதா என்று கேட்டது இதற்காக. என் மிஷினும் இதுவும் ஒரே எண்ணுக்கு அடித்துக்கொண்டதில் அவள் அனுப்பியது போய்ச் சேரவில்லை. செத்தவனுக்குப் போட்ட கடிதம் போய்ச் சேரவில்லை என்று தவித்திருக்கிறாள், நான் அதை வியாதி என்று தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

படிக்கக்கூடாது. படிக்கிறேன். போன் பூட்டியிருக்கிறது, ஆனாலும் வந்த செய்திகள் மேலே வரிசையாகத் தெரிகின்றன, அம்மா, அம்மா, அம்மா என்று. புலம்பல் இருக்கும், ஏன்டா விட்டுட்டுப் போனே என்று இருக்கும், அதைத் தாங்குவதற்கு மனதைக் கல்லாக்கிக்கொண்டு குனிகிறேன். 'மதி இன்னிக்கு பதினோரு மணிக்கு டாக்டர்.' அதற்குக் கீழே, 'அப்பாவுக்குத்தான். எனக்குன்னு நெனச்சிட்டு இருக்காரு. நான் சொல்லல.' அதற்குக் கீழே, 'எனக்குன்னாதான் அவரு உட்காருவாரு. அவருக்குன்னா வரமாட்டாருன்னு ஒனக்கே தெரியும்.' மேஜையைப் பிடித்துக்கொள்கிறேன். 'ராத்திரி மூணு மணி நேரம்கூட தூங்கறதில்ல. காலண்டர்ல கணக்கு போட்டுட்டே இருக்காரு. நான் ஒண்ணும் கேட்கறதில்ல.' 'பயமா இருக்குடா. ஒன்ன மாதிரி இவரையும் விட்றுவனோன்னு.' 'இன்னிக்கும் இட்லி தொடல.' கடைசியாக, காலை எட்டு மணிக்கு அனுப்பியது. 'சட்டை பட்டன மாத்தி போட்டிருக்காரு. சொன்னா கோச்சுக்குவாரு. அப்டியே ஒக்காந்திருக்காரு.' கையை நெஞ்சுக்குக் கொண்டுபோகிறேன். ஆமாம். மேலே ஒரு பட்டன் மிச்சமாக நிற்கிறது, கீழே ஒரு பக்கம் இறங்கித் தொங்குகிறது. காலையிலிருந்து இப்படியேதான் இருந்திருக்கிறேன், ஒருவேளை நேற்றும். வெட்கம் பிடுங்கித் தின்கிறது, அதற்குப் பின்னாலேயே அழுகை வருகிறது, ஆஸ்பத்திரியில் வராதது, சுடுகாட்டில் வராதது, எல்லோரும் வந்து கட்டிக்கொண்டு அழுதபோது கல்லாக நின்றேனே, அப்போது வராதது. வாயில் துண்டை வைத்துக்கொண்டு அவன் கட்டிலில் உட்கார்ந்து அழுகிறேன். இவளைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு வாரமாக இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியவன் நான். பக்கத்தில் உட்கார்ந்தால் வருகிறேன் என்று அவள் சொன்னது எனக்குத் துணையாக.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது கூடத்தில் நிற்கிறாள். நான் அந்த அறையிலிருந்து வருவதைப் பார்க்கிறாள், உள்ளே இன்னும் எரிகிற போனைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். திட்டுவேன் என்று நினைத்திருப்பாள், பைத்தியமா உனக்கு என்பேன் என்று நினைத்திருப்பாள், சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. "நெட் வந்துருச்சு, குணா" என்கிறேன், "அவனுக்கும் வந்துருச்சு. பதினாலு அவனுக்குத்தான். நான் வேற நம்பருக்கு மாறிக்கிட்டேன்." அவள் தலைப்பைக் கையிலிருந்து விடுகிறாள். "போயிருச்சா எல்லாம்? ஒரு வாரமா ஒரு டிக்குலயே நின்னுச்சுங்க." "போயிருச்சு. எல்லாம் போய்ச் சேர்ந்துருச்சு." கிட்டே வந்து என் சட்டையின் பட்டன்களை மேலேயிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சரியாகப் போடுகிறாள். விரலில் வெங்காய வாசனை. கடைசிப் பட்டன் வரைக்கும் நான் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறேன். பிறகு இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்கிறோம்.

பதினொன்று அடித்து இரண்டு நிமிடத்தில் டாக்டர் வருகிறார். வயதானவர், நரைத்த தலை, பின்னால் மரப் புத்தக அலமாரி, குரல் தெளிவாக வருகிறது. "வணக்கம். ரெண்டு பேருமே நல்லா தெரியறீங்க. பேரு குணவதின்னு பதிவாகியிருக்கு. உங்களுக்குத்தானேம்மா பார்க்கணும்?" குணவதி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "ஆமா டாக்டர்" என்று ஆரம்பிக்கிறாள், எனக்காக அந்தப் பொய்யையும் சுமக்கத் தயாராக. நான் அவள் கைமேல் கையை வைக்கிறேன். "இல்லீங்கம்மா. எனக்கு." டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்வையை என் பக்கம் திருப்புகிறார். "சொல்லுங்க. என்ன செய்யுது?" என்ன செய்யுது. பேச்சு குறைந்துவிட்டது என்று சொல்லலாம், தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நான்கு மணிக்கு விழிப்பு வருகிறது, இப்படி ஏதாவது ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று தேடுகிறேன், தேடிக்கொண்டிருக்கும்போதே வாய் தானாகத் திறக்கிறது. "எங்க பையன் செத்துப்போயிட்டாம்மா" என்கிறேன். இந்த எட்டு மாதத்தில் ஒருவரிடமும் நான் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. குணவதி நாற்காலியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திக்கொள்கிறாள். "ம், சொல்லுங்க" என்கிறாள் மெதுவாக.